கொல்லிமலை எழுபது வளைவும் சைலன்சர் சத்தமும்: யாரைப் பிடிப்பது, எங்கே பிடிப்பது?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 8, 2025

பெங்களூரிலிருந்து நண்பர்கள் பன்னிரண்டு பேர் அடுத்த மாதம் பைக்கில் கொல்லிமலை வருகிறோம். சோளக்காட்டுப் பக்கம் ஒரு தங்கும் இடத்தில் ‘சைலன்சர் மாற்றிய வண்டிக்கு அறை கிடையாது’ என்று அட்டை மாட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். சுற்றுலாவை நம்பியிருக்கும் ஊர் வருகிறவனை விரட்டலாமா? சத்தம் ஆகாதவர்கள் எதற்குச் சாலையோரம் வீடு கட்டுகிறார்கள்?

பிப்ரவரி 9, ஞாயிறு

அந்த அட்டையை எழுதி மாட்டியவர் என் மைத்துனர். வீட்டுக்குப் பின்னால் மூன்று அறை வைத்திருக்கிறார், அவ்வளவுதான். அதனால் நான் பதில் சொல்வதுதான் முறை.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நாங்கள் சாலையைத் தேடி வந்து வீடு கட்டவில்லை. அது என் தாத்தா கட்டிய வீடு. அவர் காலத்தில் மிளகு மூட்டையைத் தலையில் வைத்து நடந்துதான் அடிவாரம் இறங்குவார்கள். சாலை பிறகு வந்தது, வந்ததில் எங்களுக்குச் சந்தோஷம்தான். பேருந்து வந்தது, 108 வந்தது, பலாவும் அன்னாசியும் அழுகுவதற்குள் சந்தை போய்ச் சேர்ந்தன. பேருந்தும் சத்தம் போடும், லோடு ஏற்றின ஜீப்பும் போடும். அதை இங்கே யாரும் குறையாகச் சொன்னதில்லை.

குறை என்னவென்றால், சனிக்கிழமை ராத்திரி ஊரிலிருந்து கிளம்பி, ஞாயிறு விடிவதற்குள் வியூ பாயிண்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஏறுகிற கூட்டம். அடிவாரத்துக் காரவள்ளியில் ஆரம்பித்து எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் கியரைக் குறைக்க வேண்டும், திரும்பியதும் முறுக்க வேண்டும், அடுத்த வளைவுக்குள் மறுபடி விட வேண்டும். சமவெளியில் ஒரு வண்டி உங்கள் வீட்டை ஒரு தடவை கடந்து போய்விடும். இங்கே அதே வண்டி மலையின் மடிப்பிலேயே போய்ப் போய்த் திரும்புவதால் காதை விட்டுப் போவதே இல்லை. படுத்தபடியே சொல்லிவிடலாம், இப்போது நாற்பதாவது வளைவுக்குப் பக்கம் வந்துவிட்டார்கள், இப்போது அறுபது என்று. தொழுவத்தில் கன்றுக்குட்டி கயிற்றை இழுத்து இழுத்துக் கழுத்தைப் புண்ணாக்கிக்கொள்ளும். என் அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவார். அவருக்குப் பிறகு தூக்கம் கிடையாது.

பிப்ரவரி 10

ஒன்று விட்டுப்போனது. பன்னிரண்டு பேரும் தாராளமாக வாருங்கள். கம்பெனி சைலன்சரோடு வந்தால் மைத்துனரே அறை கொடுப்பார், ராத்திரிக்கு நாட்டுக்கோழியும் சொல்லி வைப்பார்.

பிப்ரவரி 12

“வளைவில் எதிரே வருகிற பஸ்காரருக்குக் கேட்க வேண்டும், அதற்காகத்தான் சத்தமான சைலன்சர்” என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். இதை நல்ல மனதோடு நம்புகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தம்பி, சைலன்சர் வாய் பின்பக்கம் பார்த்து இருக்கிறது. சத்தத்தின் பெரும்பகுதி உங்களுக்குப் பின்னால் போகிறது. எதிரே இறங்குகிற பேருந்து ஓட்டுநருக்கு அவருடைய இன்ஜின் சத்தமே காதை அடைக்கும். மலை எதிரொலியில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றும் பிடிபடாது. முன்பக்கம் பார்த்து ஒலிக்க ஒன்று வண்டியிலேயே இருக்கிறது, ஹாரன். வளைவுக்கு முன் இரண்டு தடவை அடித்தால் போதும். ராத்திரியில் ஹெட்லைட்டை டிம் பிரைட் செய்தால் அதுகூட வேண்டியதில்லை. இந்தச் சாலையில் வருடக்கணக்காக ஓட்டுகிற ஓட்டுநர்களிடம் கேட்டுப் பாருங்கள். பைக்காரர்களால் அவர்கள் பயப்படுவது ஒரே விஷயத்துக்குத்தான்: வளைவில் சாலையின் நடுக்கோட்டைத் தாண்டி வலது பக்கம் வந்து சாய்வது. அதற்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டவருக்கு. இரண்டு வழி இருக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் “எங்களிடம் மீட்டர் இல்லையே” என்ற பதில் அதிகாரிகளிடமிருந்து திரும்பத் திரும்ப வருகிறது.

முதல் வழி, சத்தத்தை அளப்பது. இருசக்கர வண்டிக்குத் தயாரிப்பு நிலையிலேயே உச்சவரம்பு உண்டு. 80 சிசி வரை 75 டெசிபல், 80 முதல் 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. அளக்கும் முறைக்கு ஐஎஸ் 3028 என்று ஒரு தரநிலை. திறந்தவெளி வேண்டும், பாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி மைக் வேண்டும், வண்டி குறித்த வேகத்தில் வந்து குறித்த கோட்டில் முழுதாக முறுக்க வேண்டும். கொல்லிமலையில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். இதை எங்கே செய்வது? செய்து நிரூபித்தால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பொருந்தும். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் தகுதி நீக்கம். தண்டனை பெரிது, நிரூபிப்பது அதைவிடப் பெரிய வேலை.

இரண்டாவது வழி, பாகத்தைப் பார்ப்பது. 52வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 182ஏ(4), அப்படி மாற்றிய உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் 52வது பிரிவை இதே பொருளில்தான் உறுதி செய்தது. சைலன்சர் வழியாகப் போகாமல் புகையை நேராக வெளியே விடுகிற ‘கட் அவுட்’ வைத்திருந்தால் 194எஃப் தனியாக இருக்கிறது, முதல் தடவை 1,000, அடுத்த தடவை 2,000.

இந்த இரண்டாவது வழிக்கு டெசிபல் மீட்டர் எதற்கு? கண்ணும் ஒரு டார்ச் லைட்டும் போதும். எந்த மாடலுக்கு எந்தச் சைலன்சர் என்பது ஒர்க்‌ஷாப் பையனுக்கே தெரியும்போது பிரேக் இன்ஸ்பெக்டருக்குத் தெரியாமல் இருக்குமா?

ஆகவே என் கட்சி இதுதான். மலை மேலே ராத்திரியில் துரத்த வேண்டாம், அது ஆபத்து. பைக்குக்கே தடை வேண்டாம், அது அநியாயம். அடிவாரத்தில் காரவள்ளியில் எல்லோரும் எப்படியும் மெதுவாகிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே நிறுத்தி, பின்பக்கம் குனிந்து பார்க்கட்டும்.

பிப்ரவரி 17

சைலன்சரோடு சேர்த்து முழுப் புகைக் குழாயையும் மாற்றியிருந்தால் இன்னொன்றும் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி விற்ற வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் அந்தக் குழாய்க்குள்ளேயே இருக்கிறது. குழாயைக் கழற்றி எறிந்தால் அதுவும் போய்விடும். சத்தத்தோடு புகையும் சேர்ந்து விதிமீறல்.

பிப்ரவரி 23, ஞாயிறு

“உள்ளூர்ப் பையன்கள் வண்டி மட்டும் அமைதியா?” இல்லை. எங்கள் தெருவிலேயே பழைய டூ ஸ்ட்ரோக் ஒன்று இருக்கிறது, சைலன்சருக்குள் இருக்க வேண்டிய தடுப்பைப் பிடுங்கிப் போட்டு ஓட்டுகிறான். அவன் அப்பாவும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள். பிடிக்கிற நாளில் அவனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கர்நாடகப் பதிவெண்ணை மட்டும் ஓரம் கட்டினால் அது சத்தத்துக்கான சோதனை ஆகாது. வெளியூர்க்காரரிடம் வசூல் என்றுதான் பெயர் வாங்கும், அந்தப் பெயர் ஊருக்கு ஒட்டிக்கொள்ளும்.

மார்ச் 2, ஞாயிறு

இன்று காலை பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

டீக்கடை முன்னால் ஏழெட்டு வண்டி நின்றது. அதில் ஒரு பையன் நல்ல மாதிரி, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். சைலன்சர் முனையைக் காட்டச் சொன்னேன். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு குழாய்த் துண்டு, ‘டிபி கில்லர்’ என்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு ஆலன் போல்ட். ஹாண்டில்பாரில் மாட்டியிருந்த சின்னப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கழற்றியே காட்டினான். போல்ட்டின் மறையில் கரி படியவில்லை, பளபளவென்று இருந்தது. அடிக்கடி கழற்றி மாட்டுவதால்தான் அப்படி. துண்டை ஜெர்கின் பையில் போட்டுக்கொண்டு ஸ்டார்ட் செய்தான். கடைக்காரரின் கண்ணாடி டம்ளர்கள் தட்டில் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. மறுபடி மாட்டினான், சத்தம் பாதிக்கும் கீழே இறங்கியது. எல்லாம் இரண்டு நிமிஷ வேலை.

“செக்போஸ்ட்டு வந்தா மாட்டிடுவோம் அண்ணா, தாண்டினதும் கழட்டிடுவோம்” என்றான். ஒளிவுமறைவே இல்லை. அவனைப் பொறுத்தவரை ஹெல்மெட் பட்டியை மாட்டிக் கழற்றுவது போலத்தான் அதுவும்.

காரவள்ளியில் மட்டும் பார்த்தால் போதும் என்று போன மாதம் நான் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறங்கும்போதும் பார்க்க வேண்டும். மேலே சோளக்காட்டுச் சந்தைப் பக்கம் நிற்கும்போதும் பார்க்க வேண்டும். அப்புறம், கம்பெனிச் சைலன்சர் இல்லையென்றால் டிபி கில்லர் மாட்டியிருந்தாலும் அது மாற்றம்தான். “மாட்டியிருக்கிறேனே சார்” என்பதைக் கேட்டு விட்டுவிடக் கூடாது.

மார்ச் 9, ஞாயிறு

ஜெர்மனியில் வேலை பார்க்கும் ஒருவர், ஆஸ்திரியாவின் டிரோலைப் பற்றி எழுதியிருக்கிறார். அதை நானும் படித்திருக்கிறேன். நம் ஊருக்கு நிரம்பப் பொருந்துகிற கதை அது.

அங்கே ராய்ட்ட மாவட்டம், லெஹ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஆல்ப்ஸ் மலைப் பாதைகள், வார இறுதியில் பைக் கூட்டம், நடுவில் சின்னச் சின்ன ஊர்கள். 2020 ஜூன் 10-லிருந்து, நின்ற நிலையில் 95 டெசிபலுக்கு மேல் என்று பதிவான பைக் குறிப்பிட்ட சாலைகளில் போகக் கூடாது, மீறினால் 220 யூரோ என்று கொண்டுவந்தார்கள். அதன் அழகே எளிமைதான். போலீஸ் அளக்கத் தேவையில்லை. வண்டியின் பதிவுச் சான்றில் அந்த எண் அச்சாகி இருக்கிறது, அதைப் படித்தால் முடிந்தது. பைக்காரர்கள் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. நின்ற நிலையில் அளந்த எண் ஓடும்போது வருகிற சத்தத்தைக் காட்டாது, சட்டப்படி வாங்கிய வண்டியை எப்படித் தடுக்கலாம் என்றன. இரண்டுமே நியாயமான கேள்வி. கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓட்டுகிறவரைத் தடுப்பது எனக்கும் உறுத்தல்தான். நான் கேட்பது அதுவல்ல.

ஆனால் ‘எண் காகிதத்தில் இருக்கட்டும்’ என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நம் ஆர்சியில் அந்த எண் இல்லை. வண்டி வாங்கும்போது தருகிற படிவம் 22-ல், 2017-லிருந்து, ஹாரன் சத்தமும் வண்டி கடந்து போகும்போது வரும் சத்தமும் போட்டிருக்க வேண்டும். அதாவது எண் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. ஆர்சி அட்டைக்கு அதை ஏற்றுவது ஒரு வரி வேலை.

பிரான்சில் வேறு மாதிரி போனார்கள். பாரிசுக்குத் தென்மேற்கே ஷெவ்ரேஸ் பள்ளத்தாக்கில் சேன் லாம்பேர் தே புவா என்ற குட்டி ஊர், பைக்காரர்களுக்குப் பிடித்த சாலை. 2022-ல் அங்கே ஒரு கம்பத்தில் சத்த ரேடாரை வைத்துச் சோதித்தார்கள். பல மைக் சேர்ந்து சத்தம் எந்த வண்டியிலிருந்து வருகிறது என்று திசை பிடிக்கும், கேமரா நம்பர் பிளேட்டை எடுக்கும். எங்கள் சாலைக்கு அப்படி ஒன்று வந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மீட்டருக்கே வழியில்லாத இடத்தில் அதற்காகக் காத்திருக்கவும் முடியாது.

மார்ச் 10

டிரோல் தடை வருடம் முழுவதுமா என்று கேட்டவருக்கு: இல்லை, பைக் சீசன் மாதங்களுக்கு மட்டும்தான்.

மார்ச் 16, ஞாயிறு

“என் ஒரு வண்டியால் என்ன ஆகிவிடும்?” என்பதற்குக் கணக்குப் போட்டே காட்டலாம்.

ஒரே அளவு சத்தம் போடும் இரண்டு வண்டி சேர்ந்தால் 3 டெசிபல் கூடும். பத்து சேர்ந்தால் 10 கூடும். 10 டெசிபல் கூடினால் மனிதக் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். இன்னொரு பக்கம், தடுப்பு எதுவும் இல்லாவிட்டால் தூரம் இரண்டு மடங்காகும்போது 6 டெசிபல் குறையும். 7.5 மீட்டரில் 80 டெசிபல் என்றால் 15 மீட்டரில் 74, 30-ல் 68, 60-ல் 62, 120-ல் 56, 240-ல் 50, 480 மீட்டரில் 44. குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்லும் இரவு அளவு 45. அது இரவு முழுவதற்குமான சராசரி, ஒரு வண்டி கடக்கிற நேரத்துச் சத்தத்தோடு நேராக ஒப்பிட முடியாது என்பது தெரியும். ஆனாலும் அளவு புரிவதற்காகச் சொல்கிறேன்: விதிக்கு உட்பட்ட ஒரு பெரிய வண்டி முழு முறுக்கில் போனால் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் தூரம் வரை அந்த 45 நிரம்பிவிடுகிறது. சைலன்சரை மாற்றி 100-க்குக் கொண்டு போனால் அதே 480 மீட்டரில் 64. அப்படிப் பத்து வண்டி சேர்ந்து முறுக்கினால் 74.

மலையில் ராத்திரி எவ்வளவு அமைதி என்று சமவெளிக்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. தோட்டத்தில் பலாப்பழம் விழுந்தால் வீட்டுக்குள் கேட்கும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த மாதம் முதல் தேதியிலிருந்து வண்டி எண்ணிக்கைக்கே வரம்பு வந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உடனே “கொல்லிமலைக்கும் இ-பாஸ் கொண்டுவா” என்று இங்கே நான்கு பேர் எழுதிவிட்டார்கள்.

எனக்குச் சம்மதமில்லை. அங்கே பிரச்சினை நெரிசலும் காடும். இங்கே பிரச்சினை ஒரு சிலருடைய சைலன்சர். இ-பாஸ் வண்டியை எண்ணும், சத்தத்தை எண்ணாது. அரப்பளீஸ்வரர் கோயிலுக்குக் குடும்பத்தோடு வருகிறவரும், மனைவியைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டியில் ஆகாய கங்கை பார்க்க வருகிறவரும் பாஸ் கிடைக்காமல் நிற்பார்கள். முன்கூட்டியே திட்டம் போட்டு வரும் பைக் கும்பல் முதல் ஆளாக வாங்கி வைத்திருக்கும். மூன்று அறை வைத்திருக்கிற மைத்துனர் மாதிரி ஆட்கள்தான் அடிபடுவார்கள்.

மே 1, வியாழன்

இன்று கிராம சபை. தண்ணீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலைச் சம்பளப் பாக்கி என்று போய்க்கொண்டிருந்தபோது இதை எழுப்பினேன். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. டீக்கடைக்காரர்களுக்கும் டிபன் கடைக்காரர்களுக்கும் விடிகாலை வியாபாரமே இந்தப் பைக்காரர்கள்தான். “அவன் வராம போயிட்டா நீ வந்து முப்பது டீ குடிப்பியா?” என்று ஒரு அண்ணன் நேராகவே கேட்டார். அவர் கவலை உண்மையானது.

நிலைமையை மாற்றியது அங்கன்வாடி ஆயா. நீளமாக ஒன்றும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றால் பரவாயில்லை, இப்போது வெள்ளியும் வருகிறார்கள், மத்தியானம் தூங்கப் போட்ட பிள்ளைகள் அலறி எழுந்தால் எல்லாவற்றையும் நான் ஒருத்தி மறுபடி எப்படித் தூங்க வைப்பேன் என்று கேட்டார். டிபன் கடைக்காரர்தான் முதலில் கை தூக்கினார்.

தீர்மானம் நிறைவேறியது. பைக்குக்கு எதிராக ஒரு வார்த்தை கிடையாது. ‘மாற்றப்பட்ட சைலன்சர் பொருத்திய வாகனங்களை அடிவாரத்திலும் மலையிலும் சோதித்து நடவடிக்கை எடுக்கக் கோருதல்’, அவ்வளவுதான்.

மே 12, திங்கள்

நாமக்கல் போய் மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுத்துவிட்டு வந்தேன். தீர்மான நகல், மேலே சொன்ன சட்டப் பிரிவுகள், காரவள்ளியின் ஒரு வரைபடம். உங்கள் ஊரில் யாராவது செய்வதாக இருந்தால் ஒரு யோசனை: ‘சத்தம் தாங்க முடியவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த இடத்தில் நிறுத்திப் பார்க்க வசதி இருக்கிறது என்று எழுதுங்கள். வாங்கிப் படித்தவர் அந்த வரைபடத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மே 29

ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்ப, அவர்கள் ‘ஒலி அளவுமானி இல்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். பிப்ரவரி 16-ல் நான் இங்கே எழுதியதை அப்படியே காகிதத்தில் எழுதித் திருப்பி அனுப்பினேன். மீட்டர் வேண்டாம், 182ஏ(4) போதும் என்று முதல் வரியிலேயே போட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

நடந்தது! விடிகாலையிலேயே காரவள்ளியில் நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். நான் மேலே வீட்டில்தான் இருந்தேன், செய்தி வருவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிட்டது. வழக்கமாகக் கேட்கும் நேரத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா ஆறரைக்கு எழுந்தார்.

அங்கே இருந்த ஒரு நண்பர் சொன்னது: மாற்றிய சைலன்சருக்குக் கேஸ் போட்டு, மேலே ஏறாமல் திருப்பி அனுப்பினார்கள். கம்பெனிச் சைலன்சர் வைத்திருந்த கூட்டத்தை வணக்கம் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் தெரு டூ ஸ்ட்ரோக்கும் மாட்டியது. அவன் அப்பா என்னோடு பேசவில்லை. பேசுவார்.

ஜூன் 18

“பறிமுதல் செய்து ரோடு ரோலர் ஏற்றி நசுக்க வேண்டும்” என்பவர்களுக்கு. சில நகரங்களில் போலீசார் அப்படிச் செய்த படங்களை நானும் பார்த்தேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு வேண்டியது படமல்ல, ஒவ்வொரு ஞாயிறும் அங்கே ஒரு ஆள் நிற்பது. 2021-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் மாற்றிய சைலன்சர் சத்தத்தைத் தானாகவே வழக்காக எடுத்தபோதும் கேள்வி அதுதான்: சட்டம் இருக்கிறது, ஏன் நடைமுறையில் இல்லை? பெரிய நடவடிக்கை ஒரு நாள் நடக்கும், அடுத்த வாரம் பழைய கதை. சின்ன நடவடிக்கையை வாராவாரம் செய்தால் அந்தச் செய்தி அவர்களுடைய வாட்ஸ்அப் குழுக்களிலேயே பரவிவிடும்.

விற்பவர்களை யாரும் தொடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெட்டியின் மேல் ‘ரேஸ் உபயோகத்துக்கு மட்டும்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, கடை வாசலிலேயே தெருவில் ஓடுகிற வண்டிக்கு மாட்டிக் கொடுக்கிறார்கள். ரேஸ் ட்ராக்குக்குப் போகிற எத்தனை பேர் அந்தக் கடைக்கு வருவார்கள்?

ஜூலை 6, ஞாயிறு

சில வாரம் கவனித்த பிறகு ஒரு மறுயோசனை. சைலன்சர் சோதனையால் அதிரடிச் சத்தம் குறைந்தது உண்மை. வெடி வெடிப்பது போல் வருமே, இன்ஜினை நிறுத்துகிற கில் சுவிட்சை ஓட்டத்திலேயே அணைத்துப் போட்டு வரவழைப்பார்கள், அது ஏறக்குறைய நின்றே போனது. ஆனால் கம்பெனி வண்டியே பதினைந்து இருபது சேர்ந்து, ஒருவரை ஒருவர் முந்தி, முதல் கியரிலேயே உச்சத்துக்கு முறுக்கிக்கொண்டு நான்கு மணிக்கு ஏறினால் தூக்கம் போகத்தான் செய்கிறது. மார்ச் 16 கணக்கு அதைத்தான் சொன்னது. இதற்கு எந்தப் பிரிவும் சரியாகப் பொருந்தாது. வழக்குப் போடவும் கூடாது, அவர்கள் விதியை மீறவில்லை.

இங்கே ஓட்டுகிறவர்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு கியர் கூட்டிப் போட்டு ஏறுங்கள், இன்றைய வண்டிகளுக்கு இழுவை போதும். நானும் புல்லட்தான் வைத்திருக்கிறேன், இரண்டாவது கியரில் பெரும்பாலான வளைவுகளைத் தாராளமாக எடுக்கலாம். கூட்டத்தை நான்கைந்து வண்டியாகப் பிரித்துப் பத்து நிமிஷ இடைவெளியில் ஏறுங்கள், வளைவில் பேருந்துக்கு இடம் விடவும் அதுதான் நல்லது. முடிந்தால் விடிந்த பிறகு ஏறுங்கள். மூடுபனி எட்டு மணிக்கும் இருக்கும்.

இப்படிச் சொன்னதற்கு, குழுவாக வருகிற ஒரு அணியின் தலைவர் தனிச்செய்தி அனுப்பினார். அடிவாரத்தில் டீ குடித்து ஆறு மணிக்கு மேல் ஏறுவதாக வழக்கத்தையே மாற்றிவிட்டார்களாம். காரவள்ளி டீக்கடைக்கு வியாபாரம். எங்கள் மேல் கடைக்காரர் என்னைத் திட்டுகிறார், நியாயம்தான், அவரோடு பேச வேண்டும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று ஆடிப் பதினெட்டு, வல்வில் ஓரி விழா. எதிர்பார்த்தபடியே கேள்வி வந்துவிட்டது: “ராத்திரி வரைக்கும் உங்கள் ஊர் மைக் அலறியதே, அது இசையா?”

நல்ல கேள்வி. இரவு 10 மணி முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது அதே 2000-ஆம் ஆண்டு விதிகள். விழாக்களுக்காக மாநில அரசு வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் 12 மணி வரை தளர்த்தலாம். அதற்கு உட்பட்டால் சரி, மீறினால் எங்கள் மேலும் புகார் கொடுங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் வேறுபடுகிறது. விழா எந்த நாளில் என்று ஊருக்கு ஒரு வருடம் முன்பே தெரியும். கன்று ஈன்ற மாட்டை வைத்திருப்பவர் அன்றைக்குக் கொட்டகையை மாற்றிக்கொள்வார், உடம்பு முடியாதவரைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புவார்கள். சனி ராத்திரி யார் எப்போது ஏறுவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சுதந்திர தின கிராம சபையில் அடுத்தது பேசினோம். காரவள்ளியில் ஒரு பலகை. சைலன்சர் மாற்றிய வண்டிக்கு 5,000 ரூபாய் அபராதம், இரவு 10 முதல் காலை 6 வரை குழுவாக ஏற வேண்டாம், வளைவில் ஏறும் வண்டிக்கு வழி விடுங்கள் என்று மூன்று வரி. மேல் கடைக்காரர் நான்காவதாக ஒரு வரி கேட்டார், ‘மேலே சூடான டிபன் கிடைக்கும்’ என்று. அதையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

தமிழும் ஆங்கிலமும் தயார். வருகிறவர்களில் பாதிப் பேர் கர்நாடகம் என்பதால் கன்னடத்திலும் வேண்டும். மொழிபெயர்ப்பு மாதிரி இல்லாமல், மரியாதையாக, பைக் ஓட்டுகிறவர் நின்று படிக்கிற மாதிரி எழுதத் தெரிந்தவர்கள் இங்கேயே போடுங்கள். பெயின்டர் புதன்கிழமை வருகிறார்.